ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத புராஸ்டேட் புற்றுநோயில் கதிர்வீச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹார்மோன் ஊசியால் சில ஆண்டுகள் அடங்கியிருந்த புராஸ்டேட் புற்றுநோய் மீண்டும் தலைதூக்கும்போது குடும்பத்தார் பெரும்பாலும் முதலில் கேட்பது, “இனிமேல் கரண்ட் வைப்பார்களா?” என்பதுதான். இந்தக் கட்டத்தில் கதிர்வீச்சு என்பது ஒரே சிகிச்சையின் பெயர் அன்று. வலியைத் தணிக்க ஒன்று, தண்டுவடத்தைக் காக்க ஒன்று, ஓரிடத்தில் முளைத்ததை மட்டும் அடக்க ஒன்று, இரத்தத்தின் வழியே உடலெங்கும் சென்று ஆயுளைச் சற்று நீட்ட ஒன்று என வெவ்வேறு வேலைகளுக்கான வெவ்வேறு சிகிச்சைகள் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. எந்த வேலைக்காக என்பது தெளிவாகாத வரை, எத்தனை நாள், எந்த இயந்திரம் என்று கேட்பதில் பொருளில்லை. இங்குள்ள பதில்கள் மருத்துவரிடம் பேசத் தயாராவதற்கு உதவும். ஒருவருடைய ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் பாராமல் அவருக்கான முடிவைச் சொல்ல இவற்றால் இயலாது.

நோய் ஹார்மோனுக்கு அடங்கவில்லை என்று எப்போது சொல்லலாம்?

விதைகளை அகற்றினால் புராஸ்டேட் புற்றுநோய் சுருங்குகிறது என்பதை 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றைய ஊசிகள் செய்வதும் அதே வேலைதான்: விதைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை மிகக் கீழே இறக்கி வைத்திருப்பது. அது டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்கும் கீழே இருக்கும்போதே பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் சுரக்கும், இரத்தத்தில் அளக்கப்படும் புரதம்) தொடர்ந்து ஏறினால், அல்லது ஸ்கேனில் புதிய இடங்கள் தெரிந்தால், அப்போதுதான் நோய் ஹார்மோனுக்கு அடங்காத நிலையை எட்டிவிட்டது என்கிறோம்.

ஆகவே முதலில் அளக்க வேண்டியது டெஸ்டோஸ்டிரோனை. மூன்று மாத ஊசியை ஐந்தாம் மாதத்தில் போட்டுக்கொண்டவருக்கு ஏறும் பிஎஸ்ஏ, தவறிய ஊசியின் விளைவாக இருக்கலாம். ஒரே ஓர் ஏற்றத்தை வைத்தும் முடிவெடுப்பதில்லை. ஒரு வாரமாவது இடைவெளி விட்டு எடுத்த அடுத்தடுத்த மூன்று அளவுகளும் ஏறுமுகமாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

ஹார்மோனுக்கு அடங்காத நோய் கதிர்வீச்சுக்கு மட்டும் அடங்குமா?

பெரும்பாலும் அடங்கும். ஹார்மோன் இல்லாமலே வளரக் கற்றுக்கொண்ட செல்லும் தன் மரபணு இழை அறுபடுவதைத் தாங்கியாக வேண்டும். கதிர்வீச்சு அடிப்பது அந்த இழையைத்தான். ஓர் எதிர்ப்பு இன்னோர் எதிர்ப்பைக் கட்டாயமாகக் கூட்டி வருவதில்லை. இருந்தாலும், பிஎஸ்ஏ குறைவாக இருக்கும்போதே கல்லீரலிலும் வேறு உள்ளுறுப்புகளிலும் நோய் வேகமாகப் பரவினால், நோயின் இயல்பே மாறியிருக்கலாம் என்று ஐயப்பட்டு, மீண்டும் திசு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். திசு எடுக்கும் அந்த ஊசிக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். அடுத்த முடிவுகள் பலவும் அதில் தொங்குகின்றன.

இனி ஹார்மோன் ஊசியை நிறுத்திவிடலாமா?

நிறுத்துவதில்லை. செல்களில் ஒரு பகுதி இன்னும் டெஸ்டோஸ்டிரோனுக்குக் காத்திருக்கும். புதிய மருந்தோ கதிர்வீச்சோ எது சேர்ந்தாலும் ஊசி தொடரும். விதைகளை அறுவையில் அகற்றிக்கொண்டவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

பிஎஸ்ஏ மட்டும் ஏறுகிறது. வலி எதுவும் இல்லை. இப்போதே கதிர்வீச்சு கொடுக்கலாமா?

எங்கே கொடுப்பது என்பதுதான் சிக்கல். வழக்கமான சிடி ஸ்கேனிலும் எலும்பு ஸ்கேனிலும் எதுவும் தெரியாமல் பிஎஸ்ஏ மட்டும் ஏறுபவர்களுக்கு, அது இரட்டிப்பாக எத்தனை மாதம் எடுக்கிறது என்று கணக்கிடுவார்கள். 10 மாதமோ அதற்கும் குறைவோ ஆனால், என்சாலுடமைடு, அபாலுடமைடு, டாரோலுடமைடு ஆகிய மாத்திரைகளுள் ஒன்றைத் தொடங்குவது நிறுவப்பட்ட வழி.

நோய்ச் செல்லின் மேலுள்ள பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைத் தேடிக் காட்டும் பெட் ஸ்கேன் வந்த பிறகு கதை கொஞ்சம் மாறியது. பழைய ஸ்கேன்களில் பரவல் இல்லை என்று கருதப்பட்ட 200 பேரை இந்த ஸ்கேனில் பார்த்த, 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 196 பேருக்கு எங்கேனும் நோய் தெரிந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இடுப்புக்கு அப்பால் சென்றிருந்தது. தெரிகின்ற ஒவ்வொரு புள்ளியையும் சுட்டுவிட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் ஸ்கேன் கூர்மையானதால் நோய் கூடிவிடவில்லை, நம் கண்தான் கூடியிருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்த உடனே சிகிச்சையை மாற்றத் துடிப்பது எல்லோருக்கும் நன்மை தரும் என்று சொல்வதற்கில்லை.

எலும்பு வலிக்கு ஒரே நாள் போதுமா, பத்து நாள் வேண்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் மருத்துவத்தில் மிகத் தெளிவான விடை உண்டு. ஆனாலும் மிகுதியாக நம்ப மறுக்கப்படும் விடையும் இதுவே. ஒரே தடவையில் 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுப்பதையும், ஐந்து நாளில் 20 கிரே அல்லது பத்து நாளில் 30 கிரே கொடுப்பதையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்டார்கள். வலி குறைந்தவர்கள் ஒரே தடவையில் 58 விழுக்காடு, பல தடவையில் 59 விழுக்காடு. வலி முற்றிலும் நீங்கியவர்கள் 23, 24 விழுக்காடு. வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது: அதே எலும்புக்கு மறுபடியும் கதிர்வீச்சு தேவைப்பட்டவர்கள் ஒரே தடவைக் குழுவில் 20 விழுக்காடு, பல தடவைக் குழுவில் 8.

“ஒரே நாளில் அனுப்பிவிட்டார்களே, அக்கறை இல்லையா?” என்று மனம் நொந்துபோகும் குடும்பங்கள் உண்டு. வலியோடு இருப்பவரை வாடகைக் காரில் பத்து நாள் அழைத்து வருவதும், ஒவ்வொரு நாளும் அந்தத் தட்டையான கடினமான பலகையில் ஏற்றி இறக்குவதும் எவ்வளவு பாடு என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஒரே நாளின் அருமை தெரியும். கதிர் பாய்வது ஓரிரு நிமிடந்தான். ஆனால் நிலை சரிபார்ப்பதையும் சேர்த்துக் கால் மணி நேரமாவது அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்கு அந்தக் கால் மணி நேரமே பெரும் சோதனை. எனவே வலி மாத்திரையைக் கிளம்பும்போது அல்ல, உள்ளே கூப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்பதை அங்குள்ள டெக்னீஷியனிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பல நாள் சிகிச்சைக்கும் இடம் உண்டு. அறுவைக்குப் பின்பு, எலும்பைச் சுற்றிக் கட்டி பெருத்திருக்கும்போது, நரம்பு அழுந்தும்போது அதைத் தேர்ந்தெடுப்பார்கள். தோலில் கோடு வரைந்திருந்தால் சிகிச்சை முடியும் வரை அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டாம். கோடு அழிந்தால் மறுபடி அளந்து வரைய வேண்டிவரும்.

கரண்ட் வைத்த மறுநாள் வலி கூடிவிட்டது. தவறான இடத்தில் வைத்துவிட்டார்களா?

இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முதல் சில நாள்களில் வலி சற்றுப் பொங்கி அடங்கும். டெக்ஸாமெத்தசோன் 8 மில்லிகிராம் ஐந்து நாள் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் இந்தப் பொங்கல் 35 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அது ஸ்டீராய்டு. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை சட்டென்று ஏறும். அதனால் சர்க்கரை இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். உண்மையான நிவாரணம் மெல்லத்தான் வரும். இரண்டு முதல் ஆறு வாரம் வரை பொறுத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை மார்ஃபின் உள்ளிட்ட வலி மருந்துகளைக் குறைக்கக் கூடாது. நான்கு வாரம் கடந்தும் பலனில்லை என்றால் அதே இடத்தில் இரண்டாம் முறை கொடுக்க முடியும்.

எந்த வலிக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது?

முதுகுவலிக்கு. படுத்தால் கூடுகிற வலி, இருமினால் பட்டை போட்டதுபோல் நெஞ்சையோ வயிற்றையோ சுற்றும் வலி, படியேறும்போது கால் துவள்வது, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, சிறுநீர் வராமல் நின்றுபோவது ஆகிய இவற்றுள் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகெலும்பில் வளர்ந்த நோய் தண்டுவடத்தை அழுத்துகிறது என்பதன் அடையாளங்கள் இவை. “வயசாச்சு, முதுகுவலிதானே” என்று தைலம் தேய்த்துக் கழிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு. சிகிச்சை தொடங்கும்போது நடப்பவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். நடை முழுதும் நின்றுபோனவருக்கு அது திரும்புவது அரிது.

ஸ்டீராய்டு உடனே தொடங்கும். முதுகெலும்பு முழுவதற்கும் எம்ஆர்ஐ எடுப்பார்கள், ஏனெனில் அழுத்தம் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும் என்ற உறுதி இல்லை. பிறகு வரும் கேள்வி அறுவையா, கதிர்வீச்சா என்பது. 2005இல் வெளியான 101 பேர் ஆய்வில், அறுவையும் அதன்பின் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினர் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 விழுக்காட்டினர். ஆனால் அவர்கள் ஓரிடத்தில் மட்டும் அழுத்தம் உள்ள, பெரிய அறுவையைத் தாங்கக்கூடிய உடல்நிலையில் இருந்தவர்கள். பல இடங்களில் நோய், தளர்ந்த உடல் என்றால் கதிர்வீச்சு மட்டுமே வழி. அதிலும் ஒரே தடவை 8 கிரே பெற்றவர்களில் எட்டாம் வாரத்தில் 69.3 விழுக்காட்டினரும், ஐந்து தடவையில் 20 கிரே பெற்றவர்களில் 72.7 விழுக்காட்டினரும் நடக்கும் நிலையில் இருந்ததாக 2019இல் வெளியான பிரிட்டன், ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இரண்டும் சமம் என்று சொல்வதற்கான புள்ளியியல் வரம்பை அது மயிரிழையில் எட்டவில்லை. ஆனாலும் ஆயுள் குறுகியிருப்பவருக்கு அந்த ஒரு நாள் சிகிச்சையைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

தொடை எலும்பில் நோய் இருக்கிறது. கதிர்வீச்சு எலும்பு முறியாமல் காக்குமா?

உடனே காக்காது. வலி குறைந்தாலும் எலும்பு மறுபடி இறுக மாதங்கள் ஆகும். அதற்குள் ஒரு தடுமாற்றம் போதும். எலும்பின் வெளிச்சுவர் நீளவாக்கில் 3 சென்டிமீட்டருக்கு மேல் அரிக்கப்பட்டிருந்தால் எலும்பு மருத்துவரிடம் முதலில் காட்டி, உள்ளே கம்பி செலுத்திவிட்டுப் பிறகு கதிர்வீச்சு கொடுப்பதே சரியான வரிசை. முறிந்த பிறகு செய்யும் அறுவை எல்லா வகையிலும் கடினம்.

மருந்து வேலை செய்கிறது. ஆனால் ஒன்றிரண்டு இடம் மட்டும் வளர்கிறது. அதை மட்டும் சுடலாமா?

சுடலாம்; இப்போது மிகுதியாகப் பேசப்படும் முடிவு இதுதான். ஓரிடத்தைத் துல்லியமாகக் குறிவைத்து, ஒன்று முதல் ஐந்து தடவைக்குள் பெரிய அளவுகளில் செலுத்தும் எஸ்பிஆர்டி என்னும் முறை இதற்குப் பயன்படுகிறது. மற்ற இடங்களில் இன்னும் வேலை செய்யும் மாத்திரையைத் தூக்கி எறியாமல், சில மாதங்களாவது தள்ளிப்போடுவதுதான் நோக்கம். மூன்று இடங்களுக்கு மேல் பரவாத, ஹார்மோனுக்கு அடங்காத நோய் உள்ள 157 பேரை வைத்து இத்தாலியில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. அபிராடெரோன் என்னும் ஹார்மோன் மாத்திரையோடு இந்தக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 92 விழுக்காட்டினருக்குப் பிஎஸ்ஏ பாதியாகவோ அதற்கும் மேலோ குறைந்தது. மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 68.3 விழுக்காட்டினருக்குக் குறைந்தது. பிஎஸ்ஏ குறைவது வேறு, ஆயுள் நீள்வது வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. வளரும் இடங்கள் ஏழெட்டு ஆகிவிட்டால் மருந்தை மாற்றுவதே முறை. ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எலும்பில் பரவிய பிறகும் புராஸ்டேட்டுக்கே கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்களுக்கு ஏன் இல்லை?

அவர் வேறு கட்டத்தில் இருந்திருக்கலாம். பிரிட்டனின் ஸ்டாம்பீட் ஆய்வு 2018இல் காட்டியது, புதிதாகக் கண்டறியப்பட்டு, ஹார்மோன் அப்போதுதான் தொடங்கி, பரவலும் குறைவாக இருந்தவர்களுக்கு: மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு பெற்ற குழுவில் 81 விழுக்காடு, பெறாத குழுவில் 73. ஹார்மோனுக்கு அடங்காத கட்டத்துக்கு அந்த எண்களைத் தூக்கிவர முடியாது. ஆனால் சிறுநீரில் இரத்தம், அடைப்பு, ஆசனவாய்ப் பக்கம் ஓயாத வலி என்று புராஸ்டேட்டே தொல்லை தந்தால், அந்தத் தொல்லைக்காகச் சில நாள் கதிர்வீச்சு கொடுப்பது இந்தக் கட்டத்திலும் வழக்கம்தான்.

ரேடியம் ஊசி யாருக்கு?

ரேடியம்-223ஐ எலும்பு கால்சியம் என்று நினைத்து வாங்கிக்கொள்கிறது. நோய் இருக்கும் இடத்தில் எலும்பு வேகமாக மாறிக்கொண்டிருப்பதால் அங்கே மிகுதியாகச் சேர்கிறது. அது உமிழும் ஆல்ஃபா துகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பாயும். நான்கு வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி. 2013இல் வெளியான ஆய்வில் நடு ஆயுட்காலம் (பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம்) 11.3 மாதத்திலிருந்து 14.9 மாதமாக நீண்டது. எலும்பில் மட்டும், அதுவும் வலியோடு, நோய் உள்ளவர்களுக்கானது இது. கல்லீரலிலோ நுரையீரலிலோ நோய் இருந்தால் எலும்பைத் தேடும் ரேடியம் அங்கே போகாது.

இதில் ஒரு பாடம் கசப்பானது. அபிராடெரோனோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் எலும்பு முறிவு 11 விழுக்காட்டிலிருந்து 29 விழுக்காடாக ஏறியதால், அந்தச் சேர்க்கை கைவிடப்பட்டது. என்சாலுடமைடோடு சேர்த்தபோது பலன் கிடைத்ததாக 2024இல் அறிவித்தார்கள். ஆனால் அங்கே சோலெட்ரோனிக் அமிலம் அல்லது டெனோசுமாப் போன்ற எலும்புக் காப்பு மருந்தைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். அம்மருந்துகளைத் தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

லுட்டீசியம் சிகிச்சை பற்றிக் கேள்விப்பட்டோம். அது எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது, பொருந்துமா என்பதைச் சிகிச்சைக்கு முன்பே படமாகப் பார்த்துவிட முடிவதுதான் இதன் சிறப்பு. நோய்ச் செல்லின் மேலுள்ள பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறோடு லுட்டீசியம்-177ஐ இணைத்து நரம்பில் செலுத்துவார்கள். பெட் ஸ்கேனில் நோய் பளிச்சென்று தெரிந்தால் மருந்தும் அங்கே போகும். சில இடங்கள் மங்கலாக இருந்தால் அந்த இடங்கள் தப்பிவிடும்.

புதிய ஹார்மோன் மாத்திரையும் கீமோவும் முடிந்தவர்களிடம் நடந்த, 2021இல் வெளியான ஆய்வில், நடு ஆயுட்காலம் 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமானது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு முதல் ஆறு சுற்று. பத்தில் நால்வருக்கு வாய் உலர்ந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அந்தப் புரதம் இருப்பதே காரணம். ரசம் சேர்த்துப் பிசைந்தால்தான் சோறு இறங்குகிறது என்பார்கள். 2025 மார்ச்சில், கீமோவைத் தள்ளிவைக்கலாம் என்று கருதப்படுபவர்களுக்கும் அமெரிக்கா இதை அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் நோய் வளர்வது தாமதமானது, ஆயுளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஒப்பிடுவதற்காக லுட்டீசியம் கொடுக்கப்படாத குழுவினர் பலர் பின்னர் லுட்டீசியத்துக்கே மாறியதால் அந்த ஒப்பீடு கலங்கிவிட்டது. இந்தியாவில் மும்பை ட்ரோம்பேயின் துருவா அணு உலையிலேயே லுட்டீசியம் உருவாக்கப்படுகிறது.

கீமோ முதலா, லுட்டீசியம் முதலா?

ஆஸ்திரேலியாவில் 200 பேரிடம் லுட்டீசியத்தையும் கபாசிடாக்செல் கீமோவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பிஎஸ்ஏ பாதியாகக் குறைந்தவர்கள் 66க்கு 37 விழுக்காடு என்று லுட்டீசியம் முந்தியது. ஆயுள் மட்டும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே முடிந்தது. ஆகவே ஒன்று மற்றதைத் தோற்கடித்தது என்பதைவிட, இரண்டையும் பெறும் அளவுக்கு உடலை வைத்திருப்பதே முக்கியம். எலும்பு மஜ்ஜைதான் இங்கே கையிருப்பு. கீமோ, ரேடியம், லுட்டீசியம், இடுப்பெலும்புக்குப் பரந்த கதிர்வீச்சு என ஒவ்வொன்றும் அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கின்றன. ஹீமோகுளோபினும் தட்டணுவும் ஏற்கெனவே தாழ்ந்திருப்பவருக்கு முதலில் எதைக் கொடுப்பது என்பதை அந்த எண்களே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

அப்பாவிடம் சொல்லாமல் சிகிச்சை கொடுக்க முடியுமா?

புறநோயாளர் அறையின் கதவோரம் மகனோ மகளோ தனியாக வந்து, “அவருக்குக் கேன்சர் என்று தெரியாது டாக்டர், கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம்” என்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டவருக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. அவர் தம் பங்குக்குப் பிள்ளைகளிடம் மறைத்துக்கொண்டிருப்பார். ஒரே நாள் சிகிச்சையா, மாதக்கணக்கில் ஊசிகளா என்பது அவருடைய நாள்களைப் பற்றிய முடிவு. ஆயுளை நான்கு மாதம் நீட்டக்கூடிய ஒன்றை வாய் உலர்வோடும் அலைச்சலோடும் ஏற்பதா என்பதற்கு விடை அவரிடம்தான் உண்டு. சொல்லும் விதத்தை மருத்துவரோடு கலந்து பேசுங்கள். சொல்லாமலே விட்டுவிட உதவுங்கள் என்று கேட்காதீர்கள்.

சிகிச்சைக்குப் பிறகு பேரக்குழந்தையைத் தூக்கலாமா?

இயந்திரத்தின் கீழ் படுத்துப் பெறும் கதிர்வீச்சு, விளக்கை அணைத்தால் வெளிச்சம் நிற்பதுபோல் அங்கேயே நின்றுவிடும். அன்று மாலையே தூக்கலாம். நம் பேச்சில் கதிர்வீச்சையும் கதிரியக்கத்தையும் ஒன்றாகச் சொல்லிப் பழகிவிட்டதால் வந்த பயம் இது. ஆனால் லுட்டீசியம் உண்மையிலேயே சில நாள் உடலில் இருக்கும்: குழந்தைகளிடமிருந்தும் கருவுற்றவர்களிடமிருந்தும் விலகியிருப்பது, உட்கார்ந்து சிறுநீர் கழித்து இரண்டு முறை தண்ணீர் விடுவது, கையை நன்றாகக் கழுவுவது என்று எழுதிக் கொடுப்பார்கள். ரேடியத்தில் குழந்தையைத் தூக்கத் தடையில்லை, ஆனால் அது பெரும்பாலும் மலத்தோடு வெளியேறுவதால் கழிவறைச் சுத்தம் கூடுதலாக வேண்டும்.

அடுத்த சந்திப்புக்கு எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

பிஎஸ்ஏ அளவுகளைத் தேதியோடு ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்; இரட்டிப்புக் கணக்கு அதிலிருந்துதான் வரும். கடைசி டெஸ்டோஸ்டிரோன் அளவு, ஊசி போட்ட தேதிகள், ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகடு ஆகியவை அடுத்து வேண்டியவை. இவை எல்லாவற்றையும்விட, முன்பு வேறு ஊரில் கதிர்வீச்சு பெற்றிருந்தால் அதன் முடிவுக் குறிப்பு தேவை: எந்த இடம், எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்த ஆண்டு. தண்டுவடமும் மலக்குடலும் வாழ்நாளில் தாங்கும் அளவுக்கு வரம்பு இருப்பதால், அந்தத் தாள் இல்லாமல் அதே இடத்தில் மறுபடி கொடுக்க எந்த மருத்துவரும் தயங்குவார். அது வீட்டில் இல்லையென்றால், சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் நோயாளி எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள். அந்த எண் பழைய மருந்துச்சீட்டின் மேல்மூலையில் இருக்கும்.